ஆகாசம் பாக்கற குதிரையும் நம்ம அப்புனுவும்

வா கண்ணு, வா. அந்தக் கட்டில்ல உக்காரு. பைய மெல்லக் கீழ வெய்யி, காலுல விழுந்தா மாவுக்கட்டுப் போடோணும். என்ன இத்தன இரும்பு? பழைய இரும்புக் கடை ஏதாச்சும் வெக்கறியா? ஓ, முச்சூடும் கடிவாளமா! குதிரை ஒண்ணு, வாயும் ஒண்ணு, கடிவாளம் மட்டும் பை நெறைய. பனியன் கம்பெனிக்கு ஆர்டர் நல்லா வருதுன்னு உங்கப்பன் சொன்னப்ப நான் நம்புல. இப்ப நம்பறேன்.

சரி, கோளாறு என்னன்னு சொல்லு. லகானை எடுத்தா தலையத் தூக்கி ஆகாசம் பாக்குது. சித்த இழுத்தா வாயப் பொளந்து நாக்க வெளிய உடுது. எச்சா இழுத்தா தாடைய நெஞ்சோட ஒட்டிக்கிட்டுக் குறுகிப் போகுது, கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குது. மொத்தத்துல உன்ற கைய அது ஏத்துக்க மாட்டேங்குது. இதுக்குத்தான் ராத்திரி முச்சூடும் போனைத் தடவித் தடவி இத்தனையும் வரவழச்சியாக்கும். கலியாணத்துக்குக்கூட நீ இத்தன ஜாதகம் பாக்குல.

ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காத. அந்தியூர்ல, குருநாதசாமி நோம்பியில இந்தக் குதிரைய வாங்கறப்ப என்ன பாத்த? நெத்திச் சுழி பாத்த, கழுத்துச் சுழி பாத்த. நாலு பெரியவங்களக் கூட்டியாந்து அது ஆகுற சுழியா ஆகாத சுழியான்னு வெயில்ல நின்னு பஞ்சாயத்துப் பண்ணின. காது ரெண்டும் உள்ளாக வளஞ்சு நுனியில தொட்டுக்குது, அசல் மார்வாரின்னு யாவாரி சொன்னதும் பல்லக் காட்டிச் சிரிச்ச. உன்ற பல்லத்தான் காட்டின. குதிரை பல்லப் பாத்தியா? பாத்த, இல்லேங்குல. வயசு தெரியோணும்னு முன்னம்பல்ல மட்டும் பாத்த. கடிவாளம் உக்கார்ற எடம் அதுக்கும் பொறவால இருக்குது சாமி.

இது இன்னிக்கு நேத்து வந்த வியாதியில்ல. 1290கள்ல மார்க்கோ போலோங்கற வெனிஸ்காரன் நம்ம பாண்டிய நாட்டுக் கரையில எறங்கிப் பாத்துட்டு எழுதி வெச்சுட்டுப் போயிருக்கறான். என்ற பேரன்தான் படிச்சுக் காட்டினான். இங்கத்த ராசாக்க கடல் தாண்டி, ஹோர்முஸ்லருந்தும் ஏடன்லருந்தும் வருசத்துக்கு ஆயிரக்கணக்குல குதிரை எறக்குவாங்களாம். வருசம் திரும்பறதுக்குள்ள நூறு தேறுனாப் பெருசாம். மீதி எல்லாம் பராமரிக்கத் தெரியாமச் செத்துப்போகுமாம். சோத்தையும் கறியையும் வேக வெச்சுக் குதிரைக்குப் போட்டாங்கன்னும் எழுதியிருக்கறான். லாடம் கட்டறவனக் கப்பல்ல ஏற யாவாரிக உடவே மாட்டாங்களாம். உட்டா, குதிரை பொழச்சுக்குமே, அப்பறம் அடுத்த கப்பலுக்கு யாவாரம் எங்கிருந்து வரும்? உனக்குக் கடிவாளம் அனுப்பின கம்பெனிக்காரனும் அந்த யாவாரிக வம்சமாத்தான் இருக்கோணும்.

எந்திரி, கொட்டாய்க்குப் போலாம். நேரா முன்னால நிக்காத, ஓரமா வா. ஒதட்டு மூலையில கட்டவெரல உடு. பயப்படாத, அங்க பல்லு கெடையாது. முன்னம்பல்லுக்கும் கடவாப்பல்லுக்கும் நடுவுல வெறும் ஈறுதான். கடிவாளத்துக்குன்னே ஆண்டவன் உட்ட சந்துன்னு நம்ம ஆளுக நெனச்சுக்கறாங்க. அவன் எதுக்கு உட்டானோ, காலி எடம்னு தெரிஞ்சதும் நம்ம போயிக் குடியேறிட்டோம். தடவிப் பாரு. ஈறு எத்தன மெலிசு! அதுக்கு அடியிலயே எலும்போட விளிம்பு கூரா ஓடுதா? இப்ப அந்தக் கம்பிய எடுத்து, உன்ற முழங்காலுக்குக் கீழ முன்னெலும்பு மேல வெச்சு அமுக்கு. இன்னும் கொஞ்சம். பாரு, மொகம் எப்படிக் கோணுது! ஆகாசத்த வேற பாக்கற.

இப்ப மேல் தாடையில, மொதக் கடவாப்பல்லுக்கு முன்னால பட்டாணி அளவுல ஏதாச்சும் தட்டுப்படுதா? ம். அதுக்கு ஓநாய்ப்பல்லுன்னு பேரு. எல்லாக் குதிரைக்கும் இருக்காது. மெல்லறதுக்கும் உதவாது. கம்பி அதுமேல இடிக்கற எடத்துல இருந்துச்சுன்னா, நீ தங்கத்துல கடிவாளம் செஞ்சு போட்டாலும் குதிரை தலையத் தூக்கும். டாக்டரு பாத்துப் புடுங்கோணும்னு சொன்னாப் புடுங்கிரு.

அதோட இது நாலு வயசுக் குதிரை. ரெண்டரை வயசுலருந்து அஞ்சு வயசு வரைக்கும் வாய்க்குள்ள ஒரே குடி மாத்தம். முன்னம்பல்லு விழுந்து மொளைக்கும், கடவாய்லயும் பால்பல்லு கழண்டுக்கிட்டு இருக்கும். அந்த நேரத்துல ஈறு வீங்கி நோவெடுத்தா அதுக்குச் சொல்லத் தெரியுமா? அதுக்குத் தெரிஞ்ச மட்டும் சொல்லுது, நீதான் திமுருன்னு பேரு வெச்சுட்ட.

கடவாப்பல்லுச் சங்கதி இன்னும் இருக்குது. குதிரைக்கு அது தேயத் தேய மேல வந்துக்கிட்டே இருக்கும், வருசத்துக்கு ரெண்டு மூணு மில்லிமீட்டர். மேல் தாடை அகலம், கீழ் தாடை குறுகல். அதனால ஒண்ணுமேல ஒண்ணு முழுசாப் படியாது. மேல்பல்லுக்கு வெளியோரமும் கீழ்பல்லுக்கு உள்ளோரமும் தேயாமக் கூராகிப் போகும். மேல இருக்கறது கன்னத்தக் கிழிக்கும், கீழ இருக்கறது நாக்கக் கிழிக்கும். நீ லகானை இழுக்கறப்ப கம்பியும் பட்டையும் கன்னத்தப் புடிச்சு அந்தக் கூர்மேல அமுக்குது. உள்ள புண்ணு இருக்குதான்னு பாக்க நீயே கைய உட்றாத. கடவாப்பல்லுக்குக் கொள்ளும் ஒண்ணுதான், உன்ற வெரலும் ஒண்ணுதான். டாக்டரு மயக்க ஊசி போட்டு, வாயத் தொறந்து நிறுத்தற கருவி மாட்டி, டார்ச் அடிச்சுப் பாத்து அரத்தால ராவி உடுவாரு. வருசத்துக்கு ஒருக்கா அதச் செய்யோணும். செலவு எம்பட்டு ஆகும்னு கேக்கற பாரு, இத்தன கடிவாளம் வாங்கினவன்!

சரி, பையக் கவுத்து. ஒண்ணொண்ணாப் பாக்கலாம்.

இந்த முள்ளுக் கம்பிய எவன் குடுத்தான்? கலியாண ஊர்வலத்துல குதிரை ஆட்டறவனா? அவன் குதிரை ஆடறது தாளத்துக்குன்னு நீ நெனச்சுக்கிட்ட. 1965லயே விதி போட்டாச்சு அப்புனு: முள்ளு வெச்ச கடிவாளம் போட்டு எந்த மிருகத்தையும் ஓட்டக்கூடாது, சவாரியும் பண்ணக்கூடாது. கிரேக்க நாட்டுல செனபோன்னு ஒரு தளபதி கி.மு. 4ஆம் நூத்தாண்டுல குதிரையேத்தம் பத்திப் பொஸ்தகமே எழுதினான். வழவழப்பா ஒண்ணு, சொரசொரப்பா ஒண்ணுன்னு ரெண்டு கடிவாளம் வெச்சுக்கச் சொல்றான். சொரசொரப்பப் போட்டுப் பாத்த குதிரைக்கு வழவழப்பு அருமையாத் தெரியுமாம். எனக்கு அவன் பேச்சுல பாதிதான் சம்மதம். நம்ம ஆளுக அந்த மறு பாதிய எடுத்துக்கிட்டு சொரசொரப்ப மட்டும் வெச்சுக்கிட்டாங்க. இது எருக்குழிக்குப் போகட்டும்.

அடுத்தது இந்த நீளக் கையி வெச்சது. பெல்ஹாமா? பேரு நல்லாருக்குது. கணக்குப் பாக்கலாம் வா, காலேசுப் படிப்புப் படிச்சவன்தான நீ. கம்பிக்கு மேல கையி ரெண்டு வெரக்கடை, கீழ நாலு வெரக்கடை. கீழ் வளையத்துல லகானை மாட்டி ஒரு கிலோ பாரத்துக்கு இழுக்கற. தாடைக்கு அடியில சங்கிலிக்கு ரெண்டு கிலோ போகும். வாய்க்கு மூணு கிலோ. நெம்புகோல் கணக்கு, அவ்வளவுதான். மெதுவான கையில இது ஒரு சின்னச் சமிக்கைக்குப் பெரிய பதில் வாங்கித் தரும். உன்ற கையி மெதுவா? நேத்து நீ சவாரி போனதப் பாலத்து மேல இருந்து பாத்தேன், பதில் சொல்லாத. கைய ஏத்துக்காத குதிரைக்கு எடுத்த எடுப்புல இதப் போட்டா, தலை எறங்கும், வாஸ்தவம். வலிக்குப் பயந்து எறங்கும். நெஞ்சோட தாடைய ஒட்டிக்கிட்டுக் கம்பிக்குப் பொறவால ஒளிஞ்சுக்கும். பாக்கறவன் ஆகா, என்ன அழகா வணங்குதுன்னு போட்டோ எடுப்பான். அப்படி ஒளிஞ்ச குதிரைய மறுபடி முன்னால வரவெக்கறது தலையத் தூக்கற குதிரையத் திருத்தறத விடக் கஷ்டம். இத இங்கயே வெச்சுட்டுப் போ. என்ற கேட்டுக்குக் கொக்கி உட்டுப்போயி ரெண்டு மாசமாக் கயிறு கட்டி வெச்சிருக்கறேன்.

இந்தத் தடிமன் கம்பி? கட்டையாட்டம் இருந்தா மெதுவா இருக்கும்னு எவனோ சொல்லியிருப்பான். பாதி நெசம். பாரம் பரவலா எறங்கும், சரி. ஆனா வாய்க்குள்ள எடம் எங்க இருக்குது? நாக்கே வாய் முச்சூடும் அடச்சுக்கிட்டுக் கெடக்குது, மேல அண்ணம் தாழ்ந்து நிக்குது. அதுக்குள்ள போயி இத்தத்தண்டி இரும்ப வெச்சா வாய மூடவே முடியாது. வாயத் தொறக்குதுன்னு உடனே மூக்குப்பட்டைய இறுக்கிக் கட்டுவ. அதத்தான பண்ணியிருக்கற? மூக்கெலும்பு மேல பட்டைக்கு அடியில ரெண்டு வெரலு தாராளமாப் போகோணும். உன்ற பட்டையில நகங்கூடப் போகுல. வாயக் கட்டிப்போட்டா நோவு போயிருமா? சொல்ற வழிதான் அடச்சுப்போகும்.

நடுவுல ஒத்தை மூட்டு வெச்ச இந்த ஸ்னாஃபில் ஊரெல்லாம் போடறதுதான். ரெண்டு லகானையும் ஒட்டுக்கா இழுத்தா மூட்டு மடங்கி நாக்க ரெண்டு பக்கமும் நெருக்கும். அண்ணம் தாழ்ந்த வாயா இருந்தா மேலயும் முட்டலாம். எல்லாக் குதிரையும் அதுக்குச் சண்ட போடாது, சிலது போடும். அதுலயும் நீ வாங்கினது அளவு பெருசு. பெருசா இருந்தா மூட்டு நாக்கு மேல தொங்கும், பக்கவாட்டுல இழுபடும், குதிரை நாக்க மேல தூக்கிப் போட்டுத் தப்பிக்கப் பாக்கும். நாக்கு ஏன் வெளிய வருதுன்னு கேட்டியே, மொதல்ல இங்க பாரு.

அளவு எடுக்கறது பெரிய வித்தையில்ல. வழவழன்னு ஒரு குச்சிய வாய்ல கம்பி இருக்கற எடத்துல வெச்சு, ரெண்டு ஒதட்டு மூலையிலயும் வெளிய அடையாளம் போட்டுக்க. அந்த அளவுக்கு மேல அரை சென்டிமீட்டர், அவ்வளவுதான். சின்னதாப் போனா வளையம் ஒதட்டக் கடிக்கும். இந்தக் குதிரைக்கு அஞ்சு இஞ்சு போதும். நீ வளர்ற புள்ளைக்குச் சொக்காய் எடுக்கறவனாட்டம் அஞ்சே முக்கால் வாங்கியிருக்கற. மாட்டறப்ப ஒதட்டு மூலையில லேசா ஒரு சுருக்கம் விழுந்தாப் போதும், மிஞ்சினா ரெண்டு. குதிரை சிரிக்கிற மாதிரித் தெரிஞ்சா எச்சாத் தூக்கிக் கட்டிட்டன்னு அர்த்தம்.

ஆ, இதக் குடு. ரெண்டு மூட்டு, நடுவுல உருண்டையா வழவழன்னு ஒரு துண்டு. இது நாக்கு மேல படிஞ்சு உக்காரும், நெருக்காது, அண்ணத்தயும் குத்தாது. கனம் நடுத்தரம். பக்கத்து வளையம் ஆடாம நிக்கற ஜாதி, முட்டை வடிவத்துல. இத மொதல்ல போடு. ஆடற வளையம் வெச்சது கை மேல சாஞ்சு படுத்துக்கற குதிரைக்கு ஆகும், அதுக்குப் புடிச்சுச் சாயறதுக்கு நிலையா ஒண்ணும் கெடைக்காது. உன்றது சாயற ஜாதியில்ல, பயந்து ஒளியற ஜாதி. ஒளியறதுக்கு அசையாத கம்பி வேணும், அப்பத்தான் நம்பும். இதுவும் புடிக்குலன்னா மூட்டே இல்லாம லேசா வளஞ்ச அந்த ரப்பர் கம்பியப் போட்டுப் பாரு. ரப்பரு கடிபட்டுப் பிஞ்சிருக்குதான்னு தினமும் பாக்கோணும்.

நடுவுல துண்டு தட்டையா இருக்கற இன்னொண்ண அப்பறம் வெய்யி. பாக்க ஒரே மாதிரி இருக்கும், ஆனா சிலதுல தட்டை சாஞ்சு நின்னு விளிம்பு நாக்குல வெட்டற மாதிரி எறங்கும். வாங்கறப்பக் கண்ணால பாக்காத, பஞ்ச எடுத்துக் கம்பி முச்சூடும் ஓட்டு. பஞ்சு எங்க மாட்டுதோ அங்க நாக்கும் மாட்டும். இந்தா, இதுல முலாம் உரிஞ்சிருக்குது பாரு, பஞ்சு நிக்குது. புதுசாம்!

கடிவாளமே இல்லாம மூக்குல மாட்டறதும் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கற. தப்பில்ல. வாய்ல புண்ணு ஆற்ற வரைக்கும் அதுல ஓட்டலாம். ஆனா நீளக் கையி வெச்சதா இருந்தா மூக்குத்தண்டையும் நெம்பும். வாய்ல இரும்பு இல்லேன்னதும் இஷ்டத்துக்கு இழுக்கலாம்னு நெனச்சுறாத.

சித்திர வெயில்ல கடிவாளத்தக் கம்பத்துல தொங்க உட்டுட்டு அப்படியே வாய்ல திணிக்காத, தொட்டுப் பாத்து மாட்டு. மார்கழி விடியக்காலத்துல உள்ளங்கையில வெச்சு வெதுவெதுப்பாக்கிக் குடு. நுரை காஞ்சு பொருக்குத் தட்டியிருந்தாக் கழுவு. இதெல்லாம் சொல்லோணுமா? உன்ற வண்டிக்கு வாரத்துக்கு ரெண்டு தடவ ஷாம்பு போடறியே.

இப்பத்தான் வெனையான எடம். அந்தக் கம்பிய ரெண்டு கையிலயும் புடி, கண்ண மூடு. நீதான் குதிரை. லகான் என்ற கையில. இந்தா... எப்படி இருக்குது? லேசா, ஒரே சீராப் பாரம் இருக்குதா? நல்லாருக்குதா? இப்ப நீ ஓட்டற மாதிரி நான் ஓட்டறேன். தளர்ச்சி. வெடுக். தளர்ச்சி. வெடுக். கண்ணத் தொறந்துட்ட பாரு! கம்பியவும் உட்டுட்ட! உன்ற குதிரைக்கு அத உடறதுக்கு வழியில்ல கண்ணு, அதனாலதான் தலையத் தூக்குது. எத்தன மெதுவான கடிவாளம் போட்டாலும் அந்த வெடுக்கு அதுல போயிச் சேர்ந்துரும்.

குதிரை நடக்கறப்பத் தலை முன்னும் பின்னும் அசையும். உன்ற முழங்கை அதோட போயிட்டு வரோணும். நீ கைய இறுக்கி வெச்சுக்கிட்டா ஒவ்வொரு அடிக்கும் அது தன்ற வாய்லயே இடிச்சுக்குது. துள்ளோட்டத்துல நேர் மாறு. தலை அசையாது, நீதான் மேலயும் கீழயும் எந்திரிச்சு உக்கார்ற. உடம்பு எந்திரிக்கறப்பக் கையும் ஒட்டுக்கா எந்திரிக்குது உனக்கு. பந்தியில வழிய வழியப் பாயச டம்ளர் வெச்ச தட்டத் தூக்கிட்டுப் போறவனப் பாத்திருக்கறியா? ஒடம்பு எப்படிப் போனாலும் தட்டு சிந்தாது. அந்தக் கையி வேணும்.

பின்னால காலுலருந்து வர்ற உந்துதல்தான் கைக்கு வந்து சேரோணும். நீ காலச் சும்மா தொங்க உட்டுட்டு முன்னால மட்டும் பேரம் பேசற. தலை கீழ வரோணும்னு வாயக் கீழ இழுக்காத. காலால முன்னால அனுப்பு, பெரிய வட்டமாச் சுத்த உடு, கைய நிலையா வெய்யி. அது தாடைய எளக்கி ஒரு நொடி கைய ஏத்துக்கிட்டாலும், அந்த நொடியே நீயும் வெரல எளக்கிரு. அதுதான் அதுக்குக் கூலி. அரை நிமிசம் கழிச்சுக் குடுக்கற கூலி எதுக்குன்னே அதுக்குத் தெரியாது. மார்வாரிக்குக் கழுத்து இயல்பாவே ஒசரமா எழும்பி நிக்கும், அதனால வெளிநாட்டு வீடியோவுல வர்ற குதிரையாட்டம் கழுத்த நீட்டுல தாழ்த்துலன்னு வெசனப்படாத. அதது அதது உடம்பு வாகு.

ஒரு பக்கத்துக்கு மட்டும் கையி ஒத்துக்கிட்டு இன்னொரு பக்கம் முரண்டு பண்ணினா, கடிவாளக் கடைக்குப் போகாத. பல்லு, இல்லேன்னா முதுகு, இல்லேன்னா நீ கோணலா உக்கார்றது. சேணத்தக் கழட்டிட்டு முதுகுல ரெண்டு பக்கமும் உள்ளங்கையால அமுக்கிக்கிட்டே போ. எங்கயாச்சும் தோலு துடிச்சு, முதுகு கீழ எறங்கினா சேணம் அங்க அழுத்துது.

மாத்தறதா இருந்தா ஒரு தடவைக்கு ஒண்ண மாத்து. கடிவாளம், மூக்குப்பட்டை, சேணம், தீவனம்னு எல்லாத்தையும் ஒரே ஞாயித்துக்கெழம மாத்திட்டு, எது கேட்டுதுன்னு என்னக் கேட்டா நான் என்ன குறி சொல்றவனா? புதுக் கம்பியப் போட்ட மொத நாளு குதிரை மாயமாத் திருந்தின மாதிரி இருக்கும், புதுசுங்கற யோசனையில. அத நம்பிப் பாட்டுப் பாடிறாத. பத்துப் பதினஞ்சு நாளு ஆகட்டும், அப்பப் பாக்கலாம்.

பல்லப் பாக்காமக் கம்பி மாட்டாத, இன்னிக்கே டாக்டருக்குப் போனப் போடு. வெயிலு ஏறுறதுக்கு முன்னாலயே வரச் சொல்லு, ஊசி போட்ட குதிரைக்கு நெழலு வேணும். குதிரை வாயத் தொறந்து நிறுத்தறதுக்கு அவருகிட்டக் கருவி இருக்குது. அவரு பாக்கறப்பப் பக்கத்துல நின்னு இன்டர்நெட்டுல இப்படிப் போட்டிருக்குதுங்க, அப்படிப் போட்டிருக்குதுங்கன்னு நீ ஆரம்பிப்பியே, உன்ற வாய மூடி நிறுத்தறதுக்கும் ஏதாச்சும் கருவி வெச்சிருக்கறாரான்னு நானே கேட்டுக்கறேன்.